பெயர் புதிது, ஓட்டை பழையது

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கம்ப்யூட்டர் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால் திறந்து தருவோம் என்று மிரட்டல். நோயாளிகளின் பழைய குறிப்புகளைப் பார்க்க முடியவில்லை. ஸ்கேன் கருவிகள் நின்றன. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. ரத்தான சந்திப்புகளும் அறுவை சிகிச்சைகளும் 19,000-க்கு மேல் இருக்கும் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் மாட்டிக்கொண்டன. அன்றைக்கு உலகம் கற்றுக்கொண்ட புதுப்பெயர், வானாக்ரை.

அடுத்த சில நாட்கள் செய்திகளில் பெயர்மழை. ரான்சம்வேர் என்றார்கள், வோர்ம் என்றார்கள், எடர்னல்ப்ளூ, டபுள்பல்சர், ஜீரோ டே, கில் ஸ்விட்ச் என்று அடுக்கினார்கள். இவை எல்லாம் ஒன்றா, வெவ்வேறா என்று விளங்காமலேயே வாசகர் அடுத்த செய்திக்குப் போனார். இந்தச் சத்தத்தில் ஒரு தேதி காதில் விழாமல் போனது. வானாக்ரை நுழைந்த அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. தாக்குதல் நடந்தது அதற்கு 59 நாள் கழித்து. பேட்சைப் போடுங்கள் என்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு அவசர எச்சரிக்கைகள் போயிருந்தன. அப்படியும் போடாத கணினிகளும், மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய விண்டோஸில் ஓடிய கணினிகளும்தான் விழுந்தன.

ஆண்டுக்கு ஒரு டஜன் புதுப்பெயர்கள் நம்மை வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் இதுவரை கண்டிராத ஆபத்து போலவே அறிமுகமாகிறது. ஆனால் பெரிய நாசங்களின் பின்கதையைத் தோண்டிப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே விஷயம் தட்டுப்படுகிறது: ஓட்டை முன்பே தெரிந்தது, திருத்தம் முன்பே தயார், ஆனால் அது சம்பந்தப்பட்ட கணினியைப் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

ஒரு திருட்டை விசாரிக்கும் காவலர், திருடன் எப்படி உள்ளே வந்தான், எதை எடுத்தான், எங்கே ஒளிந்தான் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவார். நம் செய்திகள் இந்த மூன்றையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புகின்றன. வைரஸ், வோர்ம், ட்ரோஜன் ஆகியவை எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கோப்பை யாராவது திறக்கும்போது பரவுவது வைரஸ். யாரும் எதையும் தொடாமலே நெட்வொர்க் வழியாகத் தானே அடுத்த கணினிக்குத் தாவுவது வோர்ம். நல்ல செயலி போல வேடமிட்டு, நம் கையாலேயே தன்னை நிறுவவைப்பது ட்ரோஜன். ரான்சம்வேர், ஸ்பைவேர், ஸ்டீலர், வைப்பர் ஆகியவை உள்ளே வந்தபின் செய்யும் வேலையைச் சொல்பவை: பூட்டிப் பணம் கேட்பது, வேவு பார்ப்பது, கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவது, எல்லாவற்றையும் அழிப்பது. ரூட்கிட், ஃபைல்லெஸ் என்பவை ஒளியும் முறையைச் சொல்பவை. ஜீரோ டே தீம்பொருளே அல்ல. தயாரிப்பாளர் திருத்தம் தருவதற்கு முன்பே தாக்குபவர் கையில் சிக்கிய ஓட்டைக்கு அந்தப் பெயர்.

இப்போது வானாக்ரையைத் திரும்பப் பாருங்கள். அது வோர்மாகப் பரவி ரான்சம்வேராக வேலை செய்தது. நுழைவதற்குப் பயன்படுத்திய சாவிதான் எடர்னல்ப்ளூ. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ரகசியமாக வைத்திருந்த அந்தச் சாவியை, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள் 2017 ஏப்ரல் 14 அன்று பொதுவெளியில் கொட்டினார்கள். அப்போது மைக்ரோசாஃப்டின் பேட்ச் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆகவே மே 12-இல் வானாக்ரையை ஜீரோ டே என்று எழுதியவர்கள் எழுதியது தவறு. இது சின்னத் தவறு அல்ல. ஜீரோ டே என்றால், யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று பொருளாகிறது. செய்திருக்க முடியும் என்பதுதான் உண்மை.

பெயர்கள் பெருகுவதற்கு வியாபாரம் ஒரு காரணம். பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் தான் கண்டுபிடித்ததற்குத் தன் பெயரைச் சூட்ட விரும்புகிறது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கி உலகைச் சுற்றிய ஒரே தீம்பொருளுக்கு நாட்பெட்யா, எக்ஸ்பெட்டர், நியெட்யா, கோல்டன்ஐ, பெட்னா என்று ஐந்து பெயருக்கு மேல். ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புபடுத்தப்படும் ஒரே ஹேக்கர் குழு ஒரு நிறுவனத்துக்கு ஃபேன்சி பேர், இன்னொன்றுக்கு ஏ.பி.டி.28, மைக்ரோசாஃப்டுக்கு முன்பு ஸ்ட்ரான்ஷியம், இப்போது ஃபாரஸ்ட் பிலிசார்ட். யார் எதை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை மைக்ரோசாஃப்டும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கும் 2025 ஜூனில்தான் தொடங்கின. ஓட்டைகளைப் பொறுத்தவரை 1999 முதலே சி.வி.இ. என்ற பொது எண்முறை இருக்கிறது. எடர்னல்ப்ளூ நுழைந்த ஓட்டை சி.வி.இ.-2017-0144. நினைவில் நிற்காத எண்தான். ஆனால் சென்னையில் உட்கார்ந்திருக்கும் சர்வர் நிர்வாகியும் ஸ்டாக்ஹோமில் இருப்பவரும் பேசிக்கொள்வது ஒரே ஓட்டையைப் பற்றித்தான் என்பதை அந்த எண் உறுதிப்படுத்துகிறது.

பெயர் வைப்பதையே குறை சொல்லவும் மாட்டேன். 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ஹார்ட்ப்ளீட் நல்ல உதாரணம். ஃபின்லாந்தின் கோடனாமிகான் நிறுவனம் அதற்குப் பெயரும் ரத்தம் சொட்டும் இதயச் சின்னமும் கொடுத்தது. கூகுளின் நீல் மேத்தாவும் தனியாக அதே ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். இணையத்தில் பூட்டுக்குறி காட்டும் தளங்களில் மிகப் பல ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்ற இலவச மென்பொருளை நம்பியிருந்தன. அதில் ஒரு சிறு வசதி உண்டு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் கணினி ஒரு சொல்லை அனுப்பி, இது இத்தனை எழுத்து, இதைத் திருப்பி அனுப்பு என்று சர்வரைக் கேட்கும். சர்வரும் திருப்பி அனுப்பும். நான்கே எழுத்தை அனுப்பிவிட்டு, இது 64,000 எழுத்து என்று பொய் சொன்னால்? சர்வர் எண்ணிப் பார்க்கவில்லை. கேட்ட அளவை நிரப்ப, அந்த நான்கு எழுத்துக்குப் பக்கத்தில் தன் நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அங்கே யாரோ ஒருவரின் கடவுச்சொல் கிடக்கலாம், அந்தத் தளத்தின் ரகசியச் சாவியே கிடக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்ட தடயமும் பெரும்பாலும் பதிவாகாது. கனடாவின் வரித்துறையிலிருந்து 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படித்தான் களவுபோயின.

அந்தப் பிழை மென்பொருளில் இரண்டு ஆண்டுகளாக இருந்தது. உலகத்தின் பாதிப் பூட்டுகளைத் தாங்கிய அந்தத் திட்டத்துக்கு முழுநேரம் வேலை பார்த்தவர் கிட்டத்தட்ட ஒருவர்தான் என்பதும், ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பதும் அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தன. பெயரும் சின்னமும் இல்லாமல் ஒரு எண்ணாக மட்டும் வந்திருந்தால் இத்தனை நிறுவனங்கள் அந்த வாரமே விழித்துக்கொண்டு திருத்தியிருக்காது. ஓப்பன்எஸ்.எஸ்.எல். போன்ற திட்டங்களுக்குப் பெரிய நிறுவனங்களிடம் நிதி திரட்டும் முயற்சியை லினக்ஸ் அறக்கட்டளை அந்த ஏப்ரலிலேயே தொடங்கியிருக்குமா என்பதும் சந்தேகமே. பெயர் கவனத்தைத் திரட்டும். அதன் மறுபக்கம், பெயர் பெறாத ஓட்டை கவனம் பெறாமல் கிடக்கும். ஆபத்தின் அளவுக்கும் பெயரின் கவர்ச்சிக்கும் சம்பந்தமில்லை.

நம் கூடங்குளத்திலும் பெயர் முந்திக்கொண்டது. 2019 அக்டோபர் இறுதியில், அணுமின் நிலையத்தில் டிட்ராக் என்ற தீம்பொருள் என்று செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பு, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணையத்தோடு இணைக்கப்படவில்லை, அவற்றைத் தாக்கவே முடியாது என்று மறுத்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீம்பொருள் இருந்தது உண்மை, நாட்டின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே அதைத் தெரிவித்தது என்று ஒப்புக்கொண்டது. இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அணு உலையை இயக்கும் வலைப்பின்னல் வேறு, அலுவலக வலைப்பின்னல் வேறு. ஆனால் மக்களுக்கு முதலில் கிடைத்தது ஒரு பெயர், அடுத்து ஒரு மறுப்பு, அதற்கடுத்து பாதி ஒப்புதல். எந்தக் கணினி, எதனோடு இணைந்தது, எந்த வழியாக நுழைந்தது என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஊர் மக்களின் பதற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இனி, பேட்ச் ஏன் தாமதமாகிறது? அப்டேட் லேட் என்று நாம் ஒரே வார்த்தையில் அலுத்துக்கொள்வது உண்மையில் நான்கைந்து தாமதங்களின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. யார்மீது கோபப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால்தான் கோபத்துக்குப் பயன் இருக்கும்.

முதல் தாமதம் தயாரிப்பாளரிடம். ஓட்டை ஒன்று தெரிவிக்கப்பட்டதும் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதாது. அதே தவறு வேறெங்கும் இருக்கிறதா என்று தேட வேண்டும், திருத்தம் வேறு எதையும் உடைக்கவில்லை என்று சோதிக்க வேண்டும். அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கு 2021 டிசம்பரின் லாக்4ஷெல் சாட்சி. ஜாவாவில் எழுதிய எண்ணற்ற மென்பொருள்களுக்குள் இருந்த லாக்4ஜே என்ற சிறு கருவியில் ஓட்டை. ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து. 2.15 வந்தது, அது போதவில்லை. 2.16 வந்தது, அதிலும் குறை. பின் 2.17, மாதக் கடைசியில் 2.17.1. அதைப் பராமரித்தவர்கள் தன்னார்வலர்கள். இரவு பகலாக உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களைத் திட்டியவர்களில் பலர் அந்தக் கருவியை இலவசமாக எடுத்துத் தம் பொருளுக்குள் வைத்து விற்றவர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை.

ஆனால் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனம் மாதக்கணக்கில் ஓட்டையைத் தூங்கவைக்கும்போது வரும் கோபம் நியாயமானது. ஓட்டையைக் கண்டவர் ரகசியமாகத் தெரிவிப்பார், நிறுவனம் பார்க்கிறோம் என்று சொல்லும், அதன்பின் பதிலே இருக்காது. இந்தச் சலிப்பில்தான் காலக்கெடு என்ற வழக்கம் உறுதிப்பட்டது. 2014 ஜூலையில் கூகுள் தொடங்கிய ப்ராஜெக்ட் ஜீரோ குழு, தெரிவித்து 90 நாளில் திருத்தம் வராவிட்டால் விவரத்தைப் பகிரங்கப்படுத்துவோம் என்று விதி வைத்தது. 2015 ஜனவரியில் விண்டோஸ் 8.1-இன் ஓட்டை ஒன்றை, மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிடவிருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு வெளியிட்டும் விட்டது. இன்னும் இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா, பாதிக்கப்படுவது வாடிக்கையாளர்தானே என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே வருந்தியது. அந்த ஒரு சம்பவத்தில் மைக்ரோசாஃப்ட் கேட்டது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கெடு என்ற ஒன்று இருந்தே ஆக வேண்டும். கெடு இல்லாத காலத்தில் ஓட்டைகள் எத்தனை மாதம் கிடப்பில் கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் அதைக் கைவிடச் சொல்ல மாட்டார்கள்.

பேட்ச் வெளிவந்த அன்றே ஆபத்து இன்னொரு வகையில் கூடுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் பேட்சுகளை மொத்தமாக வெளியிடுகிறது. அதற்கு மறுநாளைத் தாக்குதல் புதன் என்று துறையினர் சொல்வதுண்டு. பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதாவது, பேட்ச் போட்டவருக்கு அது பாதுகாப்பு. போடாதவரைப் பொறுத்தவரை, அவர் வீட்டு ஓட்டையின் இடத்தை ஊருக்கே அறிவித்த மாதிரி.

அந்த அறிவிப்புக்குப் பிறகும் அசையாமல் இருந்தால் என்னாகும் என்பதை 2003 ஜனவரி 25 காட்டியது. ஸ்லாம்மர் என்ற வோர்ம் மொத்தமே 376 பைட். ஆங்கிலத்தில் மூன்று எஸ்.எம்.எஸ். அளவுகூட வராது. 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பத்தே நிமிடத்தில், தாக்கப்படக்கூடிய நிலையில் இருந்த கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்தது. அமெரிக்காவில் ஏ.டி.எம்.கள் நின்றன. ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் கண்காணிப்பு அமைப்பு ஒன்று மணிக்கணக்கில் முடங்கியது. பேட்ச் வந்தது அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில். ஆறு மாத அவகாசம். பேட்ச் வெளியிட்ட மைக்ரோசாஃப்டே தன் சொந்த சர்வர்கள் சிலவற்றில் அதைப் போடாமல் விட்டிருந்து, ஸ்லாம்மரில் மாட்டியது.

அடுத்த தாமதம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கீழே பாருங்கள். செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடித்துத் திருத்திய ஓட்டைகள் பெரும்பாலும் உங்கள் போனில் இன்னும் திறந்தே கிடக்கின்றன என்று அர்த்தம். சிலருக்கு அது போன மாதமாக இருக்கும். இரண்டு வருடம் பழையதாக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்பதல்ல. வந்த அப்டேட்டையெல்லாம் போட்டிருப்பார்கள், அவர்கள் போனுக்கு வருவதுதான் நின்றுபோயிருக்கும்.

ஏனென்றால் அந்தத் திருத்தம் பல கைகள் மாறி வர வேண்டும். கூகுள் திருத்தும், சிப் தயாரிப்பவர் தன் பங்கைச் சேர்ப்பார், போன் நிறுவனம் தன் ஒவ்வொரு மாடலுக்கும் அதைப் பொருத்திச் சோதிக்கும், சில நாடுகளில் தொலைபேசி நிறுவனமும் ஒப்புதல் தர வேண்டும். 2015-இல் ஜோஷுவா ட்ரேக் என்ற ஆய்வாளர் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார். உங்கள் எண் தெரிந்தால் போதும், ஒரு எம்.எம்.எஸ். அனுப்பியே போனுக்குள் நுழையலாம். அவர் ஏப்ரலில் கூகுளுக்குத் தெரிவித்தார், திருத்தத்தையும் தானே எழுதிக் கொடுத்தார். கூகுள் இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டது. ஜூலைக் கடைசியில் செய்தி வெளியானபோது, உலகின் ஆண்ட்ராய்டு போன்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை. எழுத ஓரிரு நாள், கைமாறி வந்து சேர மாதங்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கூகுளும் சாம்சங்கும் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. 2018-இல் ஜெர்மனியின் எஸ்.ஆர். லேப்ஸ் ஆய்வாளர்கள் இன்னொரு வருத்தமான உண்மையைக் காட்டினார்கள். சில நிறுவனங்கள் எல்லாத் திருத்தங்களையும் சேர்க்காமலே அந்தத் தேதியை மட்டும் முன்னால் தள்ளி வைத்திருந்தன. பயனாளிக்கு இருக்கும் ஒரே அடையாளத்தைப் பொய்யாக்குவதை நம்பிக்கைத் துரோகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிறுவனங்களுக்குள் நடக்கும் தாமதம் வேறு விதம். அங்கே பயம் ஒரு பெரிய காரணம், அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. 2018 ஜனவரியில், கணினிச் சிப்களிலேயே இருந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகளுக்கு வந்த பேட்சைப் போட்ட ஏ.எம்.டி. சிப் கணினிகள் சில திரும்ப இயங்கவே இல்லை. இன்டெல் தன் திருத்தத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைப் பார்த்த ஐ.டி. பிரிவுத் தலைவர், சோதிக்காமல் எதையும் போட மாட்டேன் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமனையில் நிலைமை இன்னும் சிக்கல். கோடி ரூபாய் ஸ்கேன் இயந்திரத்தை ஓட்டும் கணினியில் விண்டோஸைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்பார் இயந்திரம் விற்றவர். வானாக்ரை சமயத்தில் இங்கிலாந்தில் பாதிக்கப்பட்ட பரிசோதனைக் கருவிகள் 1,220. இயந்திரத்துக்கு ஆயுள் பதினைந்து ஆண்டு, அதற்குள் இருக்கும் விண்டோஸுக்கு ஆயுள் பத்து ஆண்டு என்றால், மீதி ஐந்து ஆண்டுக்குப் பொறுப்பு யார் என்பதை வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பயம் ஒரு பக்கம் இருக்க, தன்னிடம் என்ன இருக்கிறது என்றே நிறுவனத்துக்குத் தெரியாத நிலையும் உண்டு. அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் நடந்தது அதுதான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டையும் திருத்தமும் 2017 மார்ச் 7 அன்று வெளிவந்தன. மார்ச் 9 அன்று, 48 மணி நேரத்துக்குள் போடுங்கள் என்று நிறுவனத்துக்குள் 400-க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது. புகார்களைக் கையாளும் ஒரு பழைய தளத்தில் ஸ்ட்ரட்ஸ் இருப்பது அதைக் கவனிக்க வேண்டியவர்களின் கணக்கில் வரவில்லை. சோதித்துப் பார்த்த கருவியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மே 13 முதல் ஜூலை முடிவு வரை ஹேக்கர்கள் உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த முன்னாள் தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், ஒரு ஊழியர் தகவலைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை என்ற பொருளில் விளக்கினார். இத்தனை பேரின் ரகசியம் ஒருவர் ஒரு மின்னஞ்சலை மேலனுப்புவதை நம்பித் தொங்கியது என்றால், குற்றம் அந்த ஒருவருடையது அல்ல. அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருந்தவர்களுடையது.

எல்லாப் பழியையும் பேட்சின்மீது போடுவதும் சரியாகாது. இன்று தமிழ்நாட்டில் சாதாரண மனிதரை அதிகம் தொடும் தீம்பொருள் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பாக வருகிறது. வாகன அபராத ரசீது, திருமண அழைப்பிதழ், வங்கியின் கே.ஒய்.சி. என்று ஏதாவது ஒரு பெயர். தொட்டதும், தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா என்று போன் கேட்கும். நிறுவியதும் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்க அனுமதி கேட்கும். அழைப்பிதழுக்கு எதற்கு எஸ்.எம்.எஸ்.? ஓ.டி.பி.க்குத்தான். இங்கே எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை, அனுமதியை நாமே கொடுக்கிறோம். நேற்று வந்த அப்டேட்டைப் போட்ட போனும் இதில் பணத்தை இழக்கும். எச்சரிக்கைச் செய்திகள் இந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஓட்டை வழியாக வருவதற்கு அப்டேட் மருந்து. ஏமாற்றி வருவதற்கு அந்த இரண்டு அனுமதிக் கேள்விகளில் இல்லை என்று அழுத்துவதே தடுப்பு.

மக்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதற்கும் தயாரிப்பாளர்களே பாதிக் காரணம். பாதுகாப்புத் திருத்தத்தோடு புதுத் தோற்றத்தையும் கேட்காத செயலிகளையும் சேர்த்து இரண்டு ஜி.பி.யாக அனுப்புகிறார்கள். போட்டபின் போன் மெதுவாகிவிட்டது, பேட்டரி நிற்கவில்லை என்று ஒருமுறை அனுபவப்பட்டவர் அடுத்த முறை தொடத் தயங்குவார். பாதுகாப்புத் திருத்தம் சிறியதாக, தனியாக, வேறு எதையும் மாற்றாமல் வர வேண்டும். இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. ஆண்ட்ராய்டு 10 முதல் சில பகுதிகளை போன் நிறுவனத்துக்குக் காத்திராமல் ப்ளே ஸ்டோர் வழியாகவே கூகுள் திருத்திவருகிறது.

சட்டத்தாலும் ஆக வேண்டியது இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் பொருளை விற்பவர் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவார் என்பதை அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், புதிதாகச் சந்தைக்கு வரும் போன் மாடலின் விற்பனை நின்றபிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் கிடைக்க வேண்டும். அங்கேயே சைபர் மீள்திறன் சட்டத்தின் கீழ், தம் பொருளில் ஹேக்கர்கள் பயன்படுத்திவரும் ஓட்டையை அறிந்த 24 மணி நேரத்துக்குள் தயாரிப்பாளர் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதிக்கு 2026 செப்டம்பர் 11 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இந்தியாவில் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022-இல் வந்தது. நல்லதுதான். ஆனால் அது திருட்டுக்குப் பிந்தைய ஏற்பாடு. நம் கடைகளில் விற்கும் போன் பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கும் என்பதையும் அதன் பக்கத்தில் அச்சிடச் சொல்வதற்குப் பெரிய செலவில்லை. விலை குறைந்த போனை வாங்கும் குடும்பத்துக்குத்தான் அந்தத் தகவல் மிகவும் தேவை, ஏனென்றால் சீக்கிரம் கைவிடப்படுவது அந்த மாடல்கள்தான்.

அதுவரை கையில் இருக்கும் வேலை ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. டி.பி.எம். 2.0 என்ற சிப் போன்ற நிபந்தனைகளால் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அது தானாக வராது, அப்டேட் பக்கத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடை, மெடிக்கல் ஷாப், ஆடிட்டர் அலுவலகம் இவற்றில் விண்டோஸ் 10 ஓடும் கணினி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், இலவசத் திருத்தம் நின்றுவிட்டதைச் சொல்லி, அந்தக் கணினிக்கு நீட்டிப்பு கிடைக்குமா என்று பார்த்துக்கொடுங்கள். நீட்டிப்பு கிடைக்காத கணினி என்றால், வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர் விவரங்களையும் அதிலிருந்து எடுத்துவிட்டு இணைய இணைப்பைக் கழற்றி வைப்பதோ, இலவச லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்வதோ செய்யலாம்.